இறக்கத்தில் நிறுத்திய வண்டி

பசறைப் பக்கத்துப் பழைய டிரைவர்கள் சரிவு பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவார்கள். மூக்கு இறக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். முன்சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். விடியற்காலையில் செல்ப் எடுக்காவிட்டால் கல்லைத் தட்டிவிட்டு, இரண்டாம் கியரைப் போட்டு, கிளச்சை மிதித்தபடி உருளவிடுவார்கள். பத்து இருபது யார் உருண்டதும் காலை எடுத்தால் எஞ்சின் ஓர் உதறு உதறிப் பிடித்துக்கொள்ளும். கோணக்கலையிலும் டெமேரியாவிலும் நமுனுகுலையிலும் லயங்களுக்குக் கீழே பாதையோரத்தில் தனியாகக் கிடக்கும் கல்லைப் பார்த்தாலே, அங்கே இரவில் ஒரு வண்டி நிற்கும் என்று தெரிந்துவிடும்.

இந்த ஊரின் நில அமைப்பு அப்படி. இலங்கையின் பதுளை நகரம் ஏறக்குறைய 680 மீட்டர் உயரத்தில் மலைகளுக்கு நடுவே அமர்ந்திருக்கிறது. அங்கிருந்து செங்கலடி நோக்கிப் போகும் ஏ5 வீதி பசறைக்கு வந்து, லுணுகலை, பிபிலை வழியாகக் கிழக்கே இறங்குகிறது. பசறையில் பிரியும் ஏ22 மொனராகலைக்குப் போகிறது. தலைக்கு மேலே 2,000 மீட்டரைத் தாண்டி நமுனுகுலை மலை. சமதரை என்று சொன்னால் தோட்டத்து விளையாட்டு மைதானமும் தொழிற்சாலை முற்றமும்தான். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம்.

இன்றைக்கு அதே பாதைகளில் ஓடுகிற பல வண்டிகளை உருட்டி ஸ்டார்ட் பண்ண முடியாது. பெட்டரி இறங்கினால் இன்னொரு வண்டியிலிருந்து வயர் போட்டு எடுக்க வேண்டும். அப்படி எடுத்த பிறகு என்னென்னவோ நடக்கிறது. ஓல்டர்னேட்டர் எரிகிறது, பெரிய பியூஸ் போகிறது, டேஷ்போர்டில் நாலைந்து விளக்குகள் ஒன்றாக எரிகின்றன, கண்ணாடி பாதியில் நின்றுவிடுகிறது. "நேற்று ஜம்ப் பண்ணி எடுத்தோம் பாஸ், அதிலிருந்துதான் இப்படி" என்று சொல்லிக்கொண்டு கராஜுக்கு வருகிறவர்கள் ஏராளம். இந்தக் கோளாறுக்கு நூறு வருடக் கதை இருக்கிறது.

மோட்டார் வண்டி மலைக்கு வந்த காலத்தில் ரயிலே பதுளைக்கு வந்திருக்கவில்லை. தண்டவாளம் 1894இல் பண்டாரவளையை எட்டியது. மீதி மலையைக் குடைந்து, பாலம் கட்டி, தெமோதரையில் தன்னைத்தானே சுற்றி இறங்கிப் பதுளைக்கு வந்து சேர 1924 ஆகிவிட்டது. இடைப்பட்ட அந்த முப்பது வருடத்துக்குள் இலங்கைக்குக் கார் வந்து, 1904இல் கார் வைத்திருந்தவர்களின் சங்கமும் தொடங்கிவிட்டது. மாட்டுவண்டியில் தேயிலைப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த தோட்டங்களுக்கு மெல்ல லொறி வந்தது. துரைமாரின் பங்களாவுக்குக் கார் வந்தது.

தொடக்க காலக் கார்கள் பலவற்றுக்குப் பெட்டரியே தேவைப்படவில்லை. எஞ்சினோடு சுழலும் மக்னீட்டோ தீப்பொறியைக் கொடுத்தது. விளக்குக்கு அசிட்டிலீன் வாயு. ஸ்டார்ட் பண்ணுவதற்கு ஹெண்டில். முன்னால் இருக்கும் ஓட்டையில் இரும்புக் கம்பியைச் செருகி, கீழிருந்து மேலாக ஓர் இழுப்பு இழுக்க வேண்டும். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மடக்கிச் சுற்றிப் பிடிக்கக் கூடாது, மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கம்பி பின்னோக்கிச் சுழலும். கட்டைவிரல் சுற்றியிருந்தால் மணிக்கட்டு போய்விடும். மணிக்கட்டருகே முன்கை எலும்பில் விழும் ஒருவகை முறிவுக்கு வைத்தியர்கள் இன்றைக்கும் 'ஷோஃபர் முறிவு' என்றே பெயர் சொல்கிறார்கள். கார் ஓட்டியவனின் கை எலும்பு மருத்துவப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

அந்தக் கம்பியிலிருந்து விடுதலை கொடுத்தவர் அமெரிக்கரான சார்ல்ஸ் கெட்டரிங். கடைகளில் காசு வாங்கும் இயந்திரத்துக்குச் சிறிய மின்மோட்டர் பொருத்திக் கொடுத்தவர் அவர். நாள் முழுக்க ஓடத் தேவையில்லாத மோட்டரைச் சின்னதாகச் செய்து, சில விநாடிகளுக்கு மட்டும் அளவுக்கு மீறி வேலை வாங்கலாம் என்பதை அங்கே கண்டுகொண்டார். அதே யுக்தியைக் காருக்குக் கொண்டுவந்தார். 1912ஆம் ஆண்டுக் கடிலக் கார் பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட் ஆனது. அந்தச் சில விநாடிகளுக்கான பெரும் மின்னோட்டத்தைக் கொடுக்கப் பெட்டரி வேண்டும். ஈயத் தகடும் அமிலமும் கொண்ட பெட்டரியை பிரான்ஸின் காஸ்தோன் பிளாந்தே 1859இலேயே செய்துவிட்டிருந்தார். கார் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே பெட்டரி காத்துக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். செல்ப் வந்த பிறகு பெட்டரி இல்லாமல் வண்டி இல்லை என்றாயிற்று. பெட்டரி இறங்கிப் போனது என்ற துயரமும் அதோடு பிறந்தது.

மலைநாட்டுக்காரர் நெஞ்சில் இன்றும் நிற்கிற வண்டி மொரிஸ் மைனர். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1970களின் தொடக்கம்வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார். இலங்கையில் அது வீட்டுக் காராகவும் வாடகைக் காராகவும் தலைமுறைக் கணக்கில் ஓடியது. அதனோடு ஒஸ்டின், லேண்ட் ரோவர் ஜீப், பெட்போர்ட் லொறி. பெரும்பாலும் பிரித்தானிய வண்டிகள், பெரும்பாலும் பேர்மிங்ஹாம் லூக்காஸ் கம்பனியின் மின்பாகங்கள். இந்த வண்டிகளில்தான் பசறை, பதுளை, பண்டாரவளை கராஜ் பாஸ்மாரின் மூத்த தலைமுறை தொழில் கற்றது. அவர்கள் கற்ற மின்சாரம் டைனமோ மின்சாரம்.

டைனமோவைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கதையின் முடிச்சு அங்கேதான். உள்ளே செப்புச் சுருள் சுழலும். சுற்றியிருக்கும் இரும்பில் எப்போதும் கொஞ்சம் காந்தம் மிச்சமிருக்கும். அந்த மிச்சக் காந்தத்தைக் கொண்டே டைனமோ தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளும். சுருளோடு சுழலும் கொம்யூட்டேட்டரும் அதைத் தொடும் கார்பன் பிரஷ் இரண்டும் மின்சாரத்தை ஒரே திசையாக்கி வெளியே கொடுக்கும். எளிதில் எரிந்துபோகும் சிலிக்கன் துண்டு எதுவும் அதில் இல்லை. இரும்பும் செம்பும் கார்பனும்தான். பெட்டரியை யாராவது அவசரத்தில் தலைகீழாக மாட்டிவிட்டால், வயர் கொஞ்சம் சூடாகும், ரிலே முனைகள் கருகும், சில சமயம் ஒட்டிக்கொள்ளும். பாஸ் வந்து பெட்டரியைச் சரியாக மாட்டுவார். பெட்டரியிலிருந்து ஒரு துண்டு வயரை டைனமோவின் 'எஃப்' முனையில் ஒரு கணம் தொட்டு எடுப்பார். சிறிய பொறி பறக்கும். இரும்பிலிருக்கும் காந்தம் திசை திரும்பிவிடும், டைனமோ சரியாகிவிடும். அந்த இயந்திரம் பிழையை மன்னித்தது.

பெட்டரி சார்ஜ் ஆகிறதா என்று பார்ப்பதற்கும் அப்போது சுலபமான வழி ஒன்று இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டரியின் ஒரு வயரைக் கழற்றுவார்கள். எஞ்சின் தொடர்ந்து ஓடினால் டைனமோ வேலை செய்கிறது, நின்றுவிட்டால் டைனமோவில் கோளாறு. மீற்றர் வேண்டாம், படிப்பு வேண்டாம், இரண்டு நிமிட வேலை. பழைய வண்டிகளில் இதனால் பெரும்பாலும் கெடுதல் வரவில்லை. குருவிடமிருந்து சீடனுக்கு, அப்பாவிடமிருந்து மகனுக்கு, பெரிய பாஸிடமிருந்து கோலையாவுக்கு இந்த வித்தை கைமாறிக்கொண்டே வந்தது. பிறகு வந்த வண்டிகளில் இதே வித்தை எத்தனை பாகங்களைத் தின்றது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அந்தக் காலத்து வண்டிகளில் இன்னொரு விசேஷம் இருந்தது. இன்று எல்லாக் கார்களிலும் பெட்டரியின் மைனஸ் முனைதான் உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும். மொரிஸ் மைனரில் பிளஸ் முனை உடம்பில் இருக்கும். பிரித்தானியக் கார்கள் மைனஸ் முறைக்கு மாறியது 1960களின் பிற்பகுதியில்தான். ஆக, ஒரு மொரிஸும் புதிதாக வந்த ஜப்பானிய வண்டியும் மலைப்பாதையில் எதிரெதிரே நின்று வயர் போட்டுக்கொண்டால், ஒன்றின் உடம்பு பிளஸ், மற்றதன் உடம்பு மைனஸ். பிளஸை பிளஸோடும் மைனஸை மைனஸோடும் சரியாக மாட்டியிருந்தாலும், இரண்டு வண்டியின் பம்பரும் இலேசாகத் தொட்டால் போதும், பொறி பறக்கும், வயர் உருகும். ஜம்ப் பண்ணும்போது இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக் கூடாது என்று இன்றும் சொல்லப்படுகிற விதியின் பின்னால் இந்தக் காலத்து ஆபத்தும் இருக்கிறது.

அப்படியிருந்தும் அந்தக் காலத்தில் வயர் போட்டு எடுப்பது குறைவு. இறக்கம் இருக்கும்போது வயர் எதற்கு? டீசல் லொறிக்கு ஓடுவதற்கு மின்சாரமே வேண்டாம். பம்ப் டீசலை அமுக்கிக் கொடுக்கும், எஞ்சினுக்குள் அமுங்கிய காற்றின் சூட்டில் அது எரியும். உருட்டிவிட்டால் போதும். பெட்டரியே இல்லாமல் பகல் முழுக்க ஓடிய கொழுந்து லொறிகள் இருந்தன. கொழுந்து லொறி நிற்கக் கூடாது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சாக்கில் குவிந்து கிடக்கும் பச்சைக் கொழுந்து மணிக்கணக்காகப் பாதையில் கிடந்தால் உள்ளே சூடேறிச் சிவக்கத் தொடங்கிவிடும். டீமேக்கர் அதை வைத்துக்கொண்டு நல்ல தேயிலை காய்ச்ச முடியாது. ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுக்கும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காற்றுக் காலத்தில் ஒரு லொறி கொழுந்து வீணானால், அது ஒரு மலை முழுக்க எடுத்த பெண்களின் ஒரு நாள் உழைப்பு. இறக்கத்தில் நிறுத்தும் வழக்கம் வெறும் சோம்பலால் வந்ததல்ல, அந்த உழைப்பைக் காப்பதற்காகவும் வந்தது.

இனி லயத்துக்குள் போக வேண்டும். கார்ப் பெட்டரியைப் பற்றி மலையகத்தில் யார் எழுதினாலும் லயத்து அறையான காம்பிராவைத் தாண்டிப் போக முடியாது.

இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்தது. தோட்டங்களில் தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் மின்சாரம் இருந்தது, லயங்கள் பலவற்றுக்கு இல்லை. ஆனால் கறுப்பு வெள்ளை டீவி 12 வோல்ட்டில் ஓடும். கார்ப் பெட்டரியும் 12 வோல்ட். இந்த இரண்டு எண்களும் ஒன்றாக இருந்ததுதான் எத்தனையோ காம்பிராக்களின் மாலை நேரத்தை மாற்றியது. பழைய லொறிப் பெட்டரி ஒன்று கட்டிலுக்கடியில் வந்து உட்கார்ந்தது. இரண்டு கிளிப், ஒரு டீவி, ஒரு சிறிய பல்பு. லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் வாசலில்.

அளவாகப் பார்த்தால் ஒரு பெட்டரி ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். படம் ஓரங்களில் சுருங்கத் தொடங்கினால் பெட்டரி இறங்குகிறது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை அதைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்து, குறுக்குப் பாதையால் இறங்கி, பஸ் ஏறி, பசறைக்கோ பதுளைக்கோ லுணுகலைக்கோ கொண்டுபோவார்கள். சார்ஜ் கடையின் சிமெந்துத் தரையில் பெட்டரிகள் வரிசையாக ஒன்றோடொன்று கோக்கப்பட்டு இருக்கும். மூடிகள் எல்லாம் திறந்து, உள்ளே சோடாப் போத்தல்போல நுரை வந்துகொண்டிருக்கும். மூக்கை அறுக்கும் வாடை. ஒவ்வொரு பெட்டரியின் பக்கத்திலும் வெள்ளைச் சோக்கால் பெயரும் தோட்டமும் எழுதியிருக்கும். கடைக்காரர் கண்ணாடிக் குழாயால் அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் முள் எவ்வளவு எழும்புகிறது என்று பார்ப்பார். நன்றாக ஏறிய பெட்டரியின் அமிலம் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.28 மடங்கு கனம். இறங்கிப் போனதன் அமிலம் தண்ணீரை நெருங்கியிருக்கும். அங்கே நின்று பார்த்த பையன்களுக்கு எந்தப் பாடசாலையும் சொல்லிக்கொடுக்காத இரசாயனம் கண்முன்னே நடந்தது. சாரத்தில் அமிலம் பட்ட இடம் இரண்டு தடவை துவைத்ததும் ஓட்டையாகிவிடும். அந்த ஓட்டைகளை வைத்தே ஆள் சார்ஜ் கடைக்குப் போய் வந்தவன் என்று சொல்லலாம்.

வண்டிப் பெட்டரி இந்த வேலைக்கு உகந்ததல்ல. அதன் ஈயத் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். ஒரே மூச்சில் 150, 200 அம்பியர் கொடுத்துவிட்டு உடனே நிரப்பிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டவை. ஒன்றரை அம்பியர் வீதம் வாரக்கணக்காக அடிவரை உறிஞ்சினால் தகட்டில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். அப்படிப்பட்ட பெட்டரி மீற்றரில் 12 வோல்ட் காட்டும், செல்ப் போட்டால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு செத்துவிடும். லொறிக்கும் காம்பிராவுக்கும் இடையே பெட்டரிகள் போய் வந்த காலத்தில் மலைநாட்டுக்காரருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 'வோல்ட் இருக்கு, பலம் இல்ல' என்பது இன்றும் கராஜில் கேட்கும் வாசகம். மின்பொறியியல் படித்தவர் அரைப் பக்கம் எழுத வேண்டியதை அந்த நாலு சொல் சொல்லிவிடுகிறது.

1977இல் நாட்டின் இறக்குமதிக் கதவு திறந்தது. அடுத்த பத்து பதினைந்து வருடத்தில் பாதையின் முகமே மாறிப்போயிற்று. ஜப்பானில் ஓடிக் கழிந்து, திருத்தி அனுப்பப்பட்ட வேன்களும் கார்களும் மலையேறின. டவுன்ஏஸ், லைட்ஏஸ், ஹையேஸ், டொல்பின் வேன். மொரிஸ் மெல்ல ஓரங்கட்டப்பட்டது. புதிய வண்டிகளில் டைனமோ இருந்த இடத்தில் ஓல்டர்னேட்டர் இருந்தது. அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பனி 1960ஆம் ஆண்டு வேலியன்ட் காரில் அதைப் பொருத்தி வழி காட்டியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் டைனமோவைவிடக் கட்டையாக, பருமனாக ஓர் உருளை. எஞ்சின் மெதுவாக ஓடும்போதே நல்ல சார்ஜ் கொடுக்கும். ஏற்றத்தில் லைட்டும் வைப்பரும் போட்டு முதல் கியரில் ஊர்ந்து போகிற நமது பாதைக்கு அது வரப்பிரசாதம்.

ஆனால் அதன் உள்ளே ஆறு டயோட் இருந்தது.

டயோட் என்பது மின்சாரத்துக்கு ஒருவழிக் கதவு. ஓல்டர்னேட்டரில் பிறக்கிற மின்சாரம் முன்னும் பின்னுமாக அலையும். ஆறு கதவுகளும் அதைப் பிடித்து ஒரே பக்கம் தள்ளி பெட்டரிக்கு அனுப்புகின்றன. பெட்டரியிலிருந்து திரும்பி வர முடியாதபடி சாத்தியும் வைக்கின்றன. இப்போது ஜம்ப் வயரைத் தலைகீழாக மாட்டினால் என்ன நடக்கும்? சாத்தியிருக்க வேண்டிய ஆறு கதவும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். பெட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே தடையே இல்லாத பாதை. நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும். அதிர்ஷ்டம் இருந்தால் பெரிய பியூஸ் முதலில் உருகும். இல்லாவிட்டால் விரல் நகமளவு இருக்கும் அந்தச் சிலிக்கன் துண்டுகள் உருகும். இதெல்லாம் நடந்து முடிய ஒரு விநாடிகூட ஆகாது. 'ஐயோ மாறிப் போச்சு' என்று கையை எடுப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். டைனமோ மன்னித்த பிழையை ஓல்டர்னேட்டர் மன்னிக்கவில்லை.

ஓடும் வண்டியில் பெட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தையும் இங்கேதான் ஆளைக் கவிழ்த்தது. இறங்கிப் போன பெட்டரிக்கு ஓல்டர்னேட்டர் நாற்பது ஐம்பது அம்பியர் தள்ளிக்கொண்டிருக்கும் வேளையில் வயரைக் கழற்றினால், அந்த மின்சாரம் போக இடமில்லாமல் நிற்கும். ரெகுலேட்டர் கட்டுப்படுத்துவதற்குள் 14 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பல பத்து வோல்ட் எகிறும். பெட்டரி இருந்தவரை அதுதான் ஒரு குளம்போல அலையை உள்வாங்கிக்கொண்டிருந்தது. குளத்தைப் பிரித்துவிட்டால் அலை நேராக டயோட்டிலும் ரேடியோவிலும் மோதும். ஜம்ப் பண்ணிய உடனே, எஞ்சினை உறுமவிட்டபடியே வயரைப் படக்கென்று பிடுங்கினாலும் இதே வகைக் கேடு நேரலாம். கொஞ்ச நேரம் மெதுவாக ஓடவிட்டு, ஹெட்லைட்டையோ ஃபேனையோ போட்டுவிட்டு, பிறகு வயரைக் கழற்றச் சொல்கிறார்களே, காரணம் அதுதான். அலை எழும்பினாலும் பாய்ந்து செலவாக ஓர் இடம் இருக்கிறது.

இதை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது அந்தப் பாஸ்மாருக்குச் செய்கிற அநியாயம். அவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்கள் அறிந்தது வேறொரு இயந்திரத்தை. அந்த இயந்திரத்துக்கு அவர்கள் செய்தது அத்தனையும் சரி. வண்டி மாறியபோது அதனோடு வந்த கைநூல் ஜப்பானிய மொழியில் இருந்தது. தமிழில் எழுதி எந்தக் கராஜுக்கும் யாரும் அனுப்பவில்லை. தோட்டத்துப் பையன் பத்து வயதிலிருந்து கண்ணால் பார்த்துக் கற்ற தொழிலில், எது மாறியது என்பதைக் கருகிய பாகங்கள்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தன. அந்தப் பாடத்துக்கான கட்டணத்தைச் சில வேளை வண்டிக்காரர் கொடுத்தார், பல வேளை பாஸ் தன் கூலியிலிருந்து கொடுத்தார்.

மலைப்பாதைக்கே உரிய இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. இரவில் லுணுகலைப் பாதையில் ஒரு வேன் நின்றுவிட்டால் உதவிக்கு நிற்பது பெரும்பாலும் லொறி அல்லது பஸ். வேனில் 12 வோல்ட். பெரிய லொறி, பஸ் பலவற்றில் 12 வோல்ட் பெட்டரி இரண்டைத் தொடராகக் கோத்து 24 வோல்ட். இருட்டில், மழையில், உதவ வேண்டும் என்ற நல்ல மனதோடு அந்த இரண்டு பெட்டரியின் கடைசி முனைகளிலிருந்து வயர் இழுத்தால் வேனுக்கு இரண்டு மடங்கு வோல்ட் போகிறது. செல்ப் என்றுமில்லாத வேகத்தில் சுழலும், எஞ்சினும் பிடித்துக்கொள்ளும், எல்லோருக்கும் சந்தோஷம். வீடு போய்ச் சேர்வதற்குள் பல்புகள் போயிருக்கும், ரேடியோ செத்திருக்கும், பெட்டரி கொதித்து மூடி வழியாக அமிலம் வடிந்திருக்கும். விபரம் தெரிந்த லொறிக்காரர் இரண்டில் உடம்போடு இணைந்திருக்கும் ஒரு பெட்டரியிலிருந்து மட்டுமே வயர் கொடுப்பார். அது வெறும் 12 வோல்ட். இந்த ஒரு சங்கதி தெரிந்ததும் தெரியாததும்தான் எத்தனையோ இரவுகளில் வித்தியாசம்.

கடைசியாக வந்தது கணினி. 2000த்துக்குப் பிறகு மலையேறிய கார்களில் எஞ்சினுக்கு ஒரு மூளை, பிரேக்குக்கு ஒரு மூளை, ஸ்டியரிங்குக்கு ஒரு மூளை. அக்குவா, பிரியஸ், வெசல் போன்ற ஹைபிரிட் வண்டிகள் பசறையிலும் சர்வசாதாரணமாகிவிட்டன. இவற்றுக்கு இறக்கம் உதவாது. கிளச் மிதி இல்லை, உருட்டிப் பிடிக்கவைக்க வழியில்லை. பெரிய ஹைபிரிட் பெட்டரி நிறைந்திருந்தாலும், மூளைகளை எழுப்பும் சின்ன 12 வோல்ட் பெட்டரி இறங்கிவிட்டால் வண்டி ஓர் இரும்புப் பெட்டிதான். அக்குவாவில் அது பின்சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. வயர் போடுவதற்கென்று முன்னால் பியூஸ் பெட்டிக்குள் ஒரு பிளஸ் முனை வைத்திருக்கிறார்கள். ஹைபிரிட்டிலிருந்து இன்னொரு வண்டிக்கு வயர் கொடுப்பது அதனினும் ஆபத்து. அக்குவா, பிரியஸில் வழக்கமான செல்பும் இல்லை, ஓல்டர்னேட்டரும் இல்லை. ஓல்டர்னேட்டரின் வேலையைச் செய்யும் மின்னணுப் பெட்டி இன்னொரு எஞ்சினைச் சுழற்றும் பாரத்துக்காகச் செய்யப்பட்டதல்ல.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை கொரோனாவால் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. வண்டிகள் வாரக்கணக்கில் அசையாமல் நின்றன. நிற்கும் வண்டியிலும் அலாரமும் மூளைகளும் மில்லி அம்பியர் கணக்கில் குடித்துக்கொண்டே இருக்கும். ஊரடங்கு தளர்ந்த காலையில் தெருத் தெருவாகப் பொனட் திறந்து கிடந்தது. இரண்டு வருடம் கழித்து எரிபொருள் பஞ்சம். 2022 ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவை தவிர மற்றவர்க்கு எண்ணெயே இல்லை என்று நிறுத்திவைத்தார்கள். நாட்கணக்கில் வரிசையில் நின்ற வண்டியை நகர்த்தும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்டார்ட். இருபது அடி நகர்ந்து மறுபடி ஓஃப். செலவழித்ததை நிரப்ப ஓட்டமே இல்லை. அதே வருடம் மார்ச் 31ஆம் திகதி 13 மணிநேர மின்வெட்டு. சார்ஜ் கடையும் இருட்டில். இதற்கிடையே 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரிவரை தனியார் கார்களுக்குத் திறக்கவில்லை. இருக்கிற வண்டியைத்தான் காப்பாற்றியாக வேண்டும். ஜம்ப் வயர் ஒவ்வொரு வண்டியின் டிக்கியிலும் இடம் பிடித்தது இந்த வருடங்களில்தான்.

கராஜுக்கு வந்த கோளாறுகளும் புது மாதிரி. ஜம்ப் பண்ணிய பிறகு ஏபிஎஸ், எயார்பேக், ஸ்டியரிங் மூன்று விளக்கும் ஒன்றாக எரியும். மூன்று பாகமும் ஒரே இரவில் கெட்டுவிட்டதோ என்று உரிமையாளர் பதறுவார். பெரும்பாலும் கெட்டது ஒன்றுமில்லை. வோல்ட் குறைந்து தடுமாறிய கணத்தில் மூளைகள் ஆளுக்கொரு முறைப்பாட்டை எழுதி வைத்துவிட்டன. கண்ணாடி தானாக ஏறும் எல்லையை மறந்திருக்கும், பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மறுபடி கற்பிக்க வேண்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் நின்றுவிடும். கரி படிந்த திரொட்டிலுக்கு எவ்வளவு காற்று விட வேண்டும் என்று வருடக்கணக்காகக் கற்று வைத்திருந்ததை மூளை இழந்துவிட்டது. கொண்டைஊசி வளைவில் இது நேர்ந்தால் ஸ்டியரிங் இறுகிக்கொள்ளும், அது விளையாட்டல்ல. ஜப்பானிலிருந்து வந்த ரேடியோ சிலவற்றில் ஜப்பானிய எழுத்து தோன்றி இரகசிய எண் கேட்டுப் பூட்டிக்கொள்ளும்.

உண்மையாகவே எரிந்து போகிறவையும் இருக்கின்றன. அவற்றில் அதிகம் பேர் அறியாதது ஜம்ப் பண்ணிய பிறகு வரும் கேடு. அடிவரை இறங்கிய பெட்டரியோடு பதுளையிலிருந்து பசறைக்கு இரவில் ஏறினால், ஓல்டர்னேட்டர் முழுப் பலத்தோடு பெட்டரியையும் நிரப்ப வேண்டும், லைட், வைப்பர், ஃபேன் எல்லாவற்றையும் தாங்கவும் வேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் சூடு வேறு. பெட்டரி உள்ளுக்குள் கெட்டிருந்தால் அது எவ்வளவு குடித்தாலும் நிறையாது. ஒரு மணிநேரத்தில் அரக்கு கருகும் வாடை வரும், டயோட் போய்விடும். ஆகவே பிழை ஜம்ப் பண்ணிய விதத்தில் இருந்திருக்கத் தேவையில்லை. இறங்கிய பெட்டரியை மேசையில் வைத்து மெதுவாக ஏற்றாமல், ஓடி ஏற்றிக்கொள்ளலாம் என்று நம்பியதில் இருந்திருக்கலாம். அரை மணிநேரம் ஓட்டினால் சரியாகிவிடும் என்பது டைனமோ காலத்திலிருந்தே வருகிற பேச்சு. கொஞ்சம் இறங்கிய பெட்டரிக்கு அது பொருந்தலாம், செத்த பெட்டரிக்குப் பொருந்தாது.

பசறையிலும் ஹாலிஎலயிலும் பதுளையிலும் இப்போதைய வயரிங் பாஸ்மார் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இந்த நூறு வருடமும் அவர்கள் கையில் படிந்திருப்பது தெரியும். முதலில் மீற்றர். 12.6 வோல்ட் என்றால் நிறைந்தது, 12க்குக் கீழே என்றால் இறங்கியது. அடுத்ததாக எஞ்சினையும் உடம்பையும் இணைக்கும் எர்த் வயரைக் குனிந்து பார்ப்பார். மலைநாட்டு ஈரத்தில் முதலில் அரிப்பது அதுதான். அந்த வயர் போய்விட்டால் செல்பின் மின்சாரம் வேறு வழி தேடி ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகக்கூடப் பாய்ந்து அதைப் பழுக்கக் காய்ச்சிவிடும். பிறகுதான் வயர். சிவப்பை இறங்கிய பெட்டரியின் பிளஸில், மறுமுனையை நல்ல பெட்டரியின் பிளஸில். கறுப்பை நல்ல பெட்டரியின் மைனஸில். கடைசி முனையை இறங்கிய பெட்டரியில் போடமாட்டார். கையை நீட்டி எஞ்சினின் வெறும் இரும்பில், பெட்டரிக்குத் தள்ளி ஓரிடத்தில் கடிக்கவிடுவார். கடைசித் தொடுகையில் பொறி பறக்கும், பெட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசிந்திருக்கும், இரண்டும் சந்திக்கக் கூடாது. சார்ஜ் கடையில் பெட்டரி வெடித்துக் கண்ணுக்குத் தண்ணீர் அடித்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு இதை இன்னொருவர் சொல்லத் தேவையில்லை.

எஞ்சின் பிடித்ததும், "அண்ணே, வண்டி இங்கேயே கிடக்கட்டும், பெட்டரிய வச்சிட்டுப் போங்க" என்பார். வாடிக்கைக்காரருக்கு அவசரம். ஓடுகிற வண்டியை ஏன் விட்டுப் போக வேண்டும் என்று கேட்பார். பாஸ் விடமாட்டார். பெட்டரி கழன்று உள்ளே போகும். பத்து அம்பியருக்கும் குறைவாக வைத்து, விடியும்வரை ஏற வேண்டும். லயத்து டீவிப் பெட்டரிகள் நுரைத்துக்கொண்டிருந்த அதே மாதிரிச் சிமெந்துத் தரை, அதே மாதிரி வாடை. பக்கத்தில் வெள்ளைச் சோக்கால் இப்போது தோட்டத்துப் பெயருக்குப் பதில் வண்டி நம்பர் எழுதப்படுகிறது. வெளியே லுணுகலைக்குப் போகும் கடைசி பஸ் ஹோர்ன் அடிக்கிறது. வண்டிக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொள்கிறார்.